கமராப் பையும் தோள்மூட்டும்: எதைத் தெரிவு செய்வது?



மருத்துவப் பக்கத்தில் கமராப் பைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. கோடை காலத்துக் கலியாணங்களும் சாமத்திய வீடுகளும் அரங்கேற்றங்களும் முடிகிற நேரத்தில், தோள் நோகிறது, கழுத்துப் பிடித்துவிட்டது, நாரி நிமிர்த்த முடியவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் படம் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் பலர் வாரநாட்களில் களஞ்சியத்திலோ கடையிலோ வேலை செய்துவிட்டு, அல்லது டெலிவரி வான் ஓடிவிட்டு, சனி ஞாயிறுகளில் கமரா தூக்குபவர்கள். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் ரியூசன் காசும் அந்த உழைப்பில்தான் தங்கியிருக்கின்றன. தொழிலாகச் செய்யாவிட்டாலும், பிள்ளையின் நடனத்தைப் படமெடுக்கவென்று நல்ல கமரா வாங்கிய அப்பாமாரும் அம்மாமாரும் இதே நோவோடு வருகிறார்கள்.

"என்ன பை பாவிக்கிறீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே மாதிரியான பதில்தான் வரும். "டொக்டர், முதுகுப் பை நல்லதுதான். ஆனால் தாலி கட்டுகிற நேரத்தில் அதை இறக்கி, திறந்து, லென்ஸ் எடுத்துக்கொண்டு இருக்க முடியுமா?"

நியாயமான கேள்வி. கெட்டிமேளம் முழங்கிய பிறகு மாப்பிள்ளையிடம் இன்னொரு முறை கட்டுங்கள் என்று சொல்ல முடியாது. அதனால்தான் எல்லோரும் ஒற்றைத் தோளில் தொங்கும் பெரிய பையைத் தெரிவு செய்கிறார்கள். வேகம் வேண்டுமென்றால் தோளை இழக்கத்தான் வேண்டும் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள்.

இரண்டில் ஒன்றை இழக்கத் தேவையில்லை என்பதே எனது கருத்து. கைக்கு மிக விரைவாக எட்டும் இடமும் உடம்புக்கு மிகக் குறைந்த சிரமம் தரும் இடமும் ஒன்றுதான். அது உடம்பின் முன்பக்கம், இடுப்பு உயரம். அந்த இடத்துக்குப் பொருட்களைக் கொண்டுவரும் பை எதுவோ, அதுவே நல்ல பை.

எங்களுக்குப் படம் ஏன் முக்கியம்

"இவ்வளவு பாரத்தைத் தூக்கி ஏன் கஷ்டப்படுகிறீர்கள், விட்டுவிடுங்கள்" என்று சொல்லும் வைத்தியர் நானல்ல. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனம், பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தது. படங்களை எடுத்துவர எத்தனையோ பேருக்கு நேரம் இருக்கவில்லை. அம்மாவின் கலியாணப் படம் இல்லாத வீடு, தன் சின்ன வயதுப் படம் ஒன்றுகூட இல்லாத மனிதர், எங்கள் மத்தியில் அபூர்வமில்லை. இங்கே வந்து ஒவ்வொரு விழாவையும் இவ்வளவு ஆசையாகப் படமெடுத்து வைக்கிறோம் என்றால் அதற்குள் இந்தக் கதையும் இருக்கிறது. ஆகவே, படம் எடுப்பவர் நீண்டகாலம் நோவில்லாமல் எடுக்கவேண்டும் என்பதே எனது அக்கறை.

முதலில் பையை நிறுத்துப் பாருங்கள்

உங்கள் பை எத்தனை கிலோ என்று கேட்டால், "ஒரு மூன்று கிலோ வரும்" என்பார்கள். கணக்குப் பார்ப்போம்.

கெனன் 5டி மார்க் 4 கமரா ஒன்று பற்றறியுடன் ஏறத்தாழ 890 கிராம். கலியாணப் படப்பிடிப்புக்கு இரண்டு கமரா வேண்டும். 24-70 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் (இரண்டாம் பதிப்பு) 805 கிராம். 70-200 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் (மூன்றாம் பதிப்பு) 1480 கிராம். 600 வகை பிளாஷ் ஒன்று, பற்றறிகளோடு அரைக் கிலோவுக்கு மேல். இவை மட்டுமே நான்கரைக் கிலோவைத் தாண்டிவிட்டன. இதனோடு மேலதிக பற்றறிகள், சார்ஜர், தண்ணீர்ப் போத்தல், மாற்றுச் சேட்டு. பொருள் எதுவும் வைக்காத வெறும் பையே ஒன்றரை, இரண்டு கிலோ வரும். கடைசியில் ஏழு, எட்டுக் கிலோ ஒரு தோளில் தொங்குகிறது. அதுவும் காலை பொன்னுருக்கலில் இருந்து இரவு வரவேற்பு முடியும்வரை.

கண்ணாடி இல்லாத புதிய வகைக் கமராக்கள் பாரம் குறைந்தவை. கெனன் ஆர்6 மார்க் 2 பற்றறியுடன் 670 கிராம். அதற்குரிய 70-200 எஃப் 2.8 லென்ஸ் ஏறத்தாழ 1070 கிராம். இரண்டு கமராவும் அந்த ஒரு லென்ஸும் மாறினாலே 850 கிராம் அளவு குறைகிறது. ஆனால் நான் பார்த்த அளவில், மிச்சம் கிடைத்த இடத்தில் இன்னொரு லென்ஸ் ஏறிவிடுகிறது. பை பெரிதாக இருந்தால் அதை நிரப்பாமல் விட எங்களால் முடிவதில்லை. ஊருக்குப் போகும்போது சூட்கேசுக்கு நடப்பது கமராப் பைக்கும் நடக்கிறது.

ஒற்றைத் தோளில் தொங்கினால் என்ன நடக்கிறது?

வார் வழுக்கி விழாமல் இருக்க, எங்களை அறியாமலே அந்தத் தோளை மேலே தூக்கிப் பிடிக்கிறோம். கழுத்திலிருந்து தோளுக்கு வரும் தசைகள் மணித்தியாலக் கணக்கில் இறுகி நிற்கின்றன. பாரத்தைச் சமப்படுத்த முள்ளந்தண்டு மறுபக்கம் சாய்கிறது. அதனால்தான் தோளில் பை தொங்க, நாரி நோகிறது.

கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகளின் கூட்டம் காறை எலும்புக்குக் கீழால் செல்கிறது. ஒடுங்கிய வார் அந்த இடத்தை நீண்டநேரம் அழுத்தினால் கை விறைக்கும், ஊசி குத்துவதுபோல் இருக்கும். பாரமான முதுகுப் பை சுமந்த இராணுவத்தினருக்கு இந்த நரம்புகள் பாதிக்கப்பட்டு, தோளைத் தூக்கமுடியாமல் போவது மருத்துவத்தில் அறியப்பட்ட நிலை. ஆகவே இரண்டு வார் இருப்பது மட்டும் போதாது. வார் அகலமாகவும் மெத்தையாகவும் இருக்கவேண்டும். பாரத்தின் பெரும்பங்கை இடுப்புப் பட்டி வாங்கவேண்டும்.

இன்னொரு விடயம் முறுக்கு. பை பின்னால் கிடக்க, கால் அசையாமல், இடுப்பைத் திருப்பி, ஒரு கையால் ஒன்றரைக் கிலோ லென்ஸை இழுத்து எடுக்கிறோம். பிரித்தானியாவின் சுகாதார, பாதுகாப்பு நிறைவேற்று அமைப்பு வேலைத்தலங்களில் பாரம் தூக்குவதற்கு வழிகாட்டி அளவுகள் தந்திருக்கிறது. இடுப்பு உயரத்தில், உடம்போடு ஒட்டித் தூக்கினால் ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ. அதையே தலை உயரத்தில் கையை நீட்டித் தூக்கினால் 5 கிலோவும் 3 கிலோவும்தான். உடம்பை 45 பாகைக்கு மேல் திருப்பினால் 10 வீதமும், 90 பாகைக்கு மேல் திருப்பினால் 20 வீதமும் குறைக்கவேண்டும். ஒரு நிமிடத்தில் ஒன்றிரண்டு தடவை தூக்குவதென்றால் 30 வீதம் குறைக்கவேண்டும். இவை பொதுவான வேலைகளுக்கான அளவுகள், கமராவுக்கென்று எழுதப்பட்டவை அல்ல. ஆனாலும் பாடம் தெளிவானது: எவ்வளவு தூக்குகிறோம் என்பதைப் போலவே எங்கிருந்து தூக்குகிறோம் என்பதும் முக்கியம்.

பை வகைகளும் எனது கருத்தும்

தோள் பை: மேல்மூடியைத் திறந்தால் எல்லாம் கண்முன்னே இருக்கும். 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்கப் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் ஜிம் டொம்கே தன் வேலைக்காக வடிவமைத்த துணிப் பை இவ்வகையில் புகழ்பெற்றது. இங்கிலாந்தின் பிலிங்ஹாம் நிறுவனமோ தொடக்கத்தில் மீன்பிடிப்பவர்களுக்குப் பை செய்தது. படம் எடுப்பவர்கள் அதை விரும்பி வாங்குவது தெரியவந்த பிறகே கமராப் பைகளுக்குத் திரும்பியது. விரைவில் இதை வெல்ல இன்னொரு பை இல்லை. ஆனால் ஒரு கமரா, இரண்டு சிறிய லென்ஸ், மூன்று கிலோவுக்குள் என்றால் மட்டும் பாவியுங்கள். வாரைத் தலைக்கு மேலால் குறுக்காகப் போடுங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை தோளை மாற்றுங்கள்.

குறுக்குப் பை: முதுகில் கிடப்பதை நெஞ்சுக்கு முன்னே சுழற்றி, கழற்றாமலே திறக்கலாம். அரைநாள் அரங்கேற்றத்துக்கு நல்லது. ஆனால் இதில் பல, ஒரு பக்கத் தோளில் மட்டும் போடும்படி தைக்கப்பட்டவை. ஏற்கனவே நோகும் தோள் எதுவென்று பார்த்து, மறுதோளில் போடக்கூடியதை வாங்குங்கள்.

முதுகுப் பை: நீண்டநேரம் நடப்பதற்கு இதுவே சிறந்தது. முதுகுப் பக்கத்தால் மட்டும் திறக்கும் வகை கள்வருக்குப் பாதுகாப்பு, ஆனால் அவசரத்துக்கு உதவாது. பக்கவாட்டில் திறக்கும் வகையில் ஒரு வாரைக் கழற்றி, பையை முன்னே இழுத்து, நின்றபடியே கமராவை எடுக்கலாம். முதுகுப் பைதான் வாங்குவதென்றால் பக்கத் திறப்பும் இடுப்புப் பட்டியும் உள்ளதை வாங்குங்கள்.

இடுப்புப் பட்டி: அகலமான பட்டியில் லென்ஸ் உறைகளைக் கோர்த்துக் கட்டுவது. முதுகுப் பையின் கீழ்ப்பகுதி மட்டும் இடுப்பைச் சுற்றி முன்னே வரும் வகைகளும் உண்டு. பாரம் இடுப்பெலும்பில் இறங்குகிறது, கை தானாக விழும் இடத்தில் லென்ஸ் இருக்கிறது. மண்டபத்தில் வேலை செய்பவருக்கு எனது முதல் தெரிவு இதுதான். பார்க்க அழகில்லை, கலியாணவீட்டில் ஒரு மாதிரி இருக்கும் என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். கறுப்பு நிறத்தில் வாங்கி, மேலே ஒரு கோட் போட்டால் ஒருவரும் கவனிப்பதில்லை. சேலைக்கு மேல் இந்தப் பட்டி வழுக்கும். படமெடுக்கும் பெண்கள் அன்றைக்குக் காற்சட்டை அணிவதே நல்லது.

சில்லுப் பெட்டி: மிகுதி எல்லாம் இதற்குள் போகட்டும். காரில் இருந்து மண்டபம்வரை உருட்டிப் போகலாம். காரின் டிக்கியில் ஏற்றும்போது இரண்டு கையாலும், உடம்போடு ஒட்டி, முழங்காலை மடித்துத் தூக்குங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், ஒரே பைக்குள் எல்லாவற்றையும் போட்டு நாள்முழுக்கத் தூக்குவதுதான் பிழை. அடுத்த ஒரு மணித்தியாலத்துக்கு வேண்டியது உடம்பில் இருக்கட்டும். மிகுதி பூட்டிய பெட்டியில் இருக்கட்டும்.

வாங்கமுன் ஒரு சோதனை

வெறும் பையைக் கடையில் தோளில் போட்டுப் பார்த்து வாங்காதீர்கள். எல்லாப் பைகளும் வெறுமையாக இருக்கும்போது சுகமாகத்தான் இருக்கும். உங்கள் பொருட்களைக் கொண்டுபோய் உள்ளே வைத்து, பின்வருவனவற்றைப் பாருங்கள்.

1. பார்வையை முன்னால் வைத்தபடி, ஒரு கையால் மட்டும் திறந்து லென்ஸை எடுக்க முடிகிறதா? மனதுக்குள் ஐந்து எண்ணி முடிய முன்னர் கைக்கு வரவேண்டும்.

2. அப்படி எடுக்கும்போது இரண்டு பாதங்களும் இடுப்பும் ஒரே பக்கம் பார்த்தபடி இருக்கின்றனவா? இடுப்பைத் திருப்பவேண்டி வந்தால் அந்தப் பை வேண்டாம்.

3. மூடி உங்கள் உடம்புக்கு மறுபக்கமாகத் திறக்கிறதா? உங்கள் பக்கம் திறந்தால் ஒவ்வொரு முறையும் கை அதைச் சுற்றிப் போகவேண்டும்.

4. திறந்தபடி குனிந்தால் பொருட்கள் விழுமா? சிப்பைப் பூட்ட மறந்து லென்ஸ் நிலத்தில் விழுந்த கதைகள் ஏராளம்.

5. வெல்க்ரோ சத்தம் போடுமா? அமைதியான கோயிலில் இது பெரிய சங்கடம்.

6. பத்து நிமிடம் பாரத்தோடு நடந்த பிறகு விரல்கள் விறைக்கின்றனவா?

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிரந்தர இடம் கொடுங்கள். பாரமானவை கீழே, உடம்போடு ஒட்டி இருக்கட்டும். நிரம்பிய பற்றறி இடப்பக்கம், முடிந்தது வலப்பக்கம் என்று வையுங்கள். அம்மாமாருக்குச் சமையலறையில் கடுகுப் போத்தல் இருக்கும் இடம் இருட்டிலும் தெரியும். பையும் அப்படிப் பழகவேண்டும்.

மருந்துக்கும் ஒரு இடம்

ஐந்து எண்ணுவதற்குள் லென்ஸ் எடுப்பவர், தன் ஆஸ்துமா பம்பைப் பையின் அடியில் சார்ஜர் வயர்களுக்குள் தேடுவதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். பம்ப், நெஞ்சு நோவுக்கு நாக்கின் கீழ் அடிக்கும் ஸ்பிரே, ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசி இவற்றில் எது உங்களுக்குத் தரப்பட்டிருந்தாலும், அதற்கு முன்புற வெளிப்பொக்கற் ஒன்றை ஒதுக்குங்கள். அட்ரினலின் ஊசி எப்போதும் இரண்டு இருக்கவேண்டும். அந்தப் பொக்கற் எது என்பதை உங்கள் உதவியாளருக்கும் காட்டி வையுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். காலையில் இன்சுலினோ கிளிக்லசைட் போன்ற குளிசையோ எடுத்துவிட்டு, பந்தி முடிந்து மூன்று மணிக்குத்தான் சாப்பிடக் கிடைக்கிறது என்றால் சீனி இறங்கிவிடும். நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் வந்தால் படம் எடுப்பதை உடனே நிறுத்துங்கள். அளவு 4க்குக் கீழே இருந்தால் 15 முதல் 20 கிராம் குளுக்கோஸ் எடுக்கவேண்டும். குளுக்கோஸ் வில்லைகளும் அந்த வெளிப்பொக்கற்றில் இருக்கட்டும். இன்சுலினை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள்.

எல்லா நோவும் பையால் வருவதில்லை

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் ஞாபகம் வைத்திருப்பதென்றால் இதை வைத்திருங்கள்.

அடையாளம் தெரியாதபடி ஒன்றைச் சொல்கிறேன். இடது தோளும் மேற்கையும் நோகிறது, பை தூக்கியதால் வந்தது என்று ஒருவர் பல கிழமை தைலம் பூசிக்கொண்டிருந்தார். பை இல்லாத நாளிலும் படியேறினால் நோ வந்தது, நின்றால் போனது. அது இதயத்தின் இரத்தக்குழாய் அடைப்பு. தெற்காசியரான எங்களுக்கு நீரிழிவும் இதய நோயும் கூடுதலாகவும் இளவயதிலும் வருகின்றன. நடக்கும்போது வந்து, ஓய்வெடுத்தால் போகும் நெஞ்சு, தோள், தாடை நோ இருந்தால் தாமதிக்காமல் உங்கள் ஜீ.பி.யைப் பாருங்கள். நெஞ்சு இறுக்கத்தோடு வியர்வை, மூச்சிழைப்பு, தலைச்சுற்று வந்தால், விழா நடந்தாலும் கமராவைக் கீழே வைத்துவிட்டு 999ஐ அழையுங்கள். "கலியாணம் முடியட்டும்" என்று காத்திருக்காதீர்கள்.

தோள் எல்லாப் பக்கமும் இறுகி, கையைப் பின்னால் கொண்டுபோக முடியாமல் இருந்தால், அது உறைந்த தோளாக இருக்கலாம். இது நீரிழிவு உள்ளவர்களுக்கு அதிகம் வரும். பையை மாற்றினால் மட்டும் போகாது. நீரிழிவு உண்டா, கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று இரத்தம் சோதிக்கவேண்டும், அப்பியாசமும் வேண்டும்.

கையில் பலம் குறைந்து பொருட்கள் நழுவுவது, இரவில் நித்திரையைக் குழப்பும் நோ, காரணமில்லாமல் மெலிவது ஆகியவற்றுக்கு விரைவில் வைத்தியரைக் காணுங்கள். நாரி நோவோடு சலம் போவதில் சிக்கலோ, மறைவிடத்தைச் சுற்றி விறைப்போ வந்தால் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

இன்னொன்று. பைக்குள் ஐபுபுரூபன் பெட்டி வைத்திருந்து, நொந்தால் போடுவது பலருக்குப் பழக்கம். ராமிப்பிரில், லிசினோப்பிரில் போன்ற பிரஷர் குளிசைகளும், சலம் போகும் குளிசையும் எடுப்பவர்கள் இதனோடு ஐபுபுரூபனையும் சேர்த்தால் சிறுநீரகம் பழுதாகலாம். வயிற்றுப்புண் உள்ளவர்களும் இரத்தம் உறையாமல் குளிசை எடுப்பவர்களும் தாமாக இதைப் போடக்கூடாது. மருந்துக்கடைக்காரரிடம் உங்கள் குளிசைகளின் பட்டியலைக் காட்டிக் கேளுங்கள், ஒரு நிமிட வேலை.

விழா வீட்டாருக்கும் எங்கள் சங்கத்துக்கும்

படப்பிடிப்பாளரின் தோளைக் காப்பது அவருடைய பொறுப்பு மட்டுமல்ல. பெட்டியை வைக்கப் பாதுகாப்பான இடம் இல்லாததால்தான் எல்லாவற்றையும் தோளில் சுமக்கிறார்கள். மேடைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மேசையும், பூட்டக்கூடிய ஒரு அறையும் இருந்தால் பாதிப் பாரம் குறைந்துவிடும். எங்கள் சங்கம் அடுத்த விழாவுக்கு மண்டபம் ஒழுங்கு செய்யும்போது இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்று நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

கலியாணவீட்டுக்காரரும் விலை பேசும்போது, ஒருவரே எல்லாம் தூக்கவேண்டும் என்று குறைத்துப் பேசாமல், ஒரு உதவியாளருக்கும் சேர்த்துக் கொடுங்கள். முதல் பந்தியிலேயே படமெடுப்பவரையும் கூப்பிட்டு இருத்துங்கள். சாப்பிட்ட மனிதர் எடுக்கும் படமும் நன்றாகத்தான் வரும்.

படம் எடுப்பவர்களே, இன்றைக்கே உங்கள் பையைத் தராசில் வையுங்கள். மூன்று மாதமாகக் கை வைக்காத பொருளை வெளியே எடுங்கள். மிகுதியை முன்பக்கம், இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். எங்கள் பேரப்பிள்ளைகளின் கலியாணத்தையும் நீங்களே எடுக்கவேண்டும்.

(இங்கே கூறப்பட்டவை பொதுவான ஆலோசனைகள். உங்கள் உடல்நிலை பற்றி உங்கள் குடும்ப வைத்தியரிடம் பேசுங்கள்.)